பகல் பன்னிரண்டேகால் மீன்குழம்பு

லம்பாங் ஊரில் கிண்ணங்களுக்குச் சேவல் வரையும் கண்ணிகாவின் நாக்கில், அவள் தொட்டுக்கூடப் பார்க்காத மீன்குழம்பு ஒன்று தினமும் பகல் பன்னிரண்டேகாலுக்கு வந்து இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் நண்டு. மழைக்காலத்தில் படகு போகாது, அப்போது கருவாடு. இருபத்தோரு வருஷமாக இப்படித்தான். ஆரம்பத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள், பக்கத்து ஊரிலிருந்து ஒரு டாக்டர்கூட வந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது யாரும் கேட்பதில்லை. தொழிற்சாலைக்கு எதிரே நூடுல்ஸ் கடை போட்டிருப்பவன் நான். நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் வேறு ஆளும் கிடையாது.

எங்கள் ஊர்க் கிண்ணத்தை ஒருத்தியே முழுக்க வரைவதில்லை. ஒருத்தி சேவலின் சிவப்பு உடம்பைப் போட்டுப் பலகையில் தள்ளுவாள், அடுத்தவள் கறுப்பு வாலைப் போடுவாள், மூன்றாமவள் பூவும் வாழையிலையும் போடுவாள். கண்ணிகா உடம்பு, லம்யாய் வால். பதினாறு வயதிலிருந்து ஒரே பெஞ்சு. உடம்புக்கு இருபது தீற்றல் வேண்டும், வாலுக்கு மூன்றே மூன்று. ஆனால் கிண்ணத்தைக் கையில் எடுப்பவர்கள் எல்லாம், "அடடா, அந்த வாலைப் பாருங்க" என்றுதான் சொல்வார்கள். கண்ணிகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இதையாவது பொறுத்துக்கொண்டாள். பொறுக்கவே முடியாதது லம்யாய் சாப்பிடுகிற அழகு. என் கடையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பானையில் மொண்ட தேங்காய்ப்பால் கோழிக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸைத்தான் சாப்பிடுவார்கள். லம்யாய் முதல் வாய்க்கே கண்ணை மூடிக்கொள்வாள். ஏதோ அவளுக்கு மட்டும் தனியாக ஒன்று கிடைத்துவிட்ட மாதிரி இருக்கும். கண்ணிகா தன் கிண்ணத்தைப் பார்ப்பாள், அவள் கிண்ணத்தைப் பார்ப்பாள், பிறகு என்னை முறைப்பாள். நான் என்ன செய்ய? அதே கரண்டி, அதே குழம்பு.

தொழிற்சாலைச் சூளையை இடித்துக் கட்டிய வருஷம் ஒரு மாதம் விடுமுறை விட்டார்கள். இரண்டு பேரும் முதுகில் ஆளுக்கொரு பை மாட்டிக்கொண்டு நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். ஊரைவிட்டுப் போகுமுன் ஆற்றங்கரைக் காவல் தெய்வத்திடம் நேர்ந்துகொள்வது எங்கள் வழக்கம். பெயர், வீட்டு இலக்கம், தெரு எல்லாம் சொல்லிக் கேட்க வேண்டும், தெய்வத்துக்கு ஆள் மாறிப் போகக் கூடாது பாருங்கள். கேட்டது நடந்தால் அவித்த முட்டை படைக்க வேண்டும். என்ன கேட்டோம் என்பதை மட்டும் வெளியே மூச்சு விடக் கூடாது. கண்ணிகா தொண்ணூற்றொன்பது முட்டை நேர்ந்துகொண்டு, கண்ணை இறுக மூடி, "லம்யாய் நாக்குல விழுற ருசி எல்லாம் எனக்கு வேணும்" என்று கேட்டாள். 'எனக்கும்' என்று கேட்டிருக்கலாம். வயிற்றெரிச்சலில் நிற்கிறவளுக்கு அந்த ஒரு 'உம்' எங்கே வாயில் வரும்?

ரயில் ஊர் எல்லையைத் தாண்டியதும் வேலை ஆரம்பமாகிவிட்டது. கண்ணிகா சுட்ட கோழியைக் கடித்தாள், நனைந்த காகிதத்தைக் கடித்த மாதிரி இருந்தது. அதே நேரம் வாய் நிறைய மாங்காய்ப் புளிப்பும் மிளகாய் உப்பும். ஜன்னல் ஓரத்தில் லம்யாய் மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். கண்ணிகாவுக்குத் தலைகால் புரியவில்லை. காவல் தெய்வம் இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. ஆனால் மதியத்துக்குள் தொந்தரவு தெரிந்துவிட்டது. கோழி ருசிக்க வேண்டுமென்றால் அதை லம்யாய் தின்ன வேண்டும். "நீ சாப்பிடு" என்று தட்டைத் தள்ளினாள். லம்யாயோ, "இல்லடி, நீ சாப்பிடு" என்று திருப்பித் தள்ளினாள். அயுத்தயாவில் கோயில் இடிபாடுகளுக்கு நடுவே பஞ்சுமிட்டாய் சுருட்டிய அப்பம், பாங்காக்கில் கால்வாய்ப் படகில் விற்கிற ரத்தம் கலந்த நூடுல்ஸ், எல்லாவற்றுக்கும் இதே தள்ளுமுள்ளு. கடைக்காரர்கள், "என்ன பாசம், என்ன பாசம்" என்று உருகிப்போய்க் கூட ஒரு கரண்டி போட்டார்கள். சும்மா நல்லவள் வேஷம் போடுகிறாள் என்று கண்ணிகா உள்ளுக்குள் கருவினாள்.

வடகிழக்கே கோராட் சந்தையில், ஊரில் எறும்பைக் கண்டாலே துள்ளுகிற லம்யாய், செவ்வெறும்பு முட்டைக் கலவையை வழித்து வழித்துத் தின்றாள். கண்ணிகா சந்தை மூலைக்கு ஓடித் துப்பினாள். துப்பி என்ன, இல்லாததை எப்படித் துப்புவது? வேண்டுமென்றே செய்கிறாள் என்று தோன்றியது. தெற்கே போனதும், எப்படியும் தனக்கு ருசி தெரியாது என்ற அலட்சியத்தில் கண்ணிகா நாற்ற அவரையைப் பச்சையாகக் கைப்பிடி கைப்பிடியாக மென்றாள். பக்கத்தில் லம்யாய் முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீராகக் குடித்தாள். இவள் நாறுகிற நாற்றம் அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கண்ணிகாவுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பத்தொன்பதாம் நாள் டிராங் கரைக்கு எதிரே ஒரு தீவுக்குப் போனார்கள். படகோட்டி பெயர் விச்சியன். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். முதலில் கை நீட்டி அவன் வாங்கி வைத்தது கண்ணிகாவின் பையை. அதை அவள் மூன்று நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் மாலை படகுத்துறையில் தனியாக உட்கார்ந்து வெள்ளரிக்காய் கடித்தவளின் வாயில் திடீரென்று கடல் உப்பும் கிராம்பு சிகரெட்டும் வந்து நிறைந்தன. ஒரு நிமிஷம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து வலைக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். அங்கே லம்யாயும் விச்சியனும் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் நைசாக நழுவிவிட்டான்.

"முதல்ல என்னைத்தான் பார்த்தான். என் பையைத்தான் எடுத்து வெச்சான்."

"பையைத்தானேடி பார்த்தான்" என்றாள் லம்யாய்.

"உனக்கு எதுதான்டி போதும்? வால் போட்டுப் பேரு வாங்கினே. சாப்பாட்டுலயும் நீதான். இப்ப இவனுமா?"

"நான் வாங்கினேனா? உடம்பு இல்லாம வாலை எவன்டி பார்ப்பான்? நீதான் எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுத் திரியுறே."

மறுநாள் கண்ணிகா ஒற்றைப் பையோடு ரயிலேறினாள். லம்யாய் தீவிலேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாள்.

ஊருக்கு வந்ததும் கண்ணிகா நேரே ஆற்றங்கரைக்குப் போய், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழுதாள். அங்கே விளக்கேற்றுகிற மூன் மாமா, "கேட்டது கிடைச்சுதா?" என்றார். கிடைத்தது என்றாள். "கிடைச்சதுக்கப்புறம் வேண்டாம்னா எப்படிம்மா? முட்டையை வை" என்று சொல்லிவிட்டு ஊதுவத்தியைத் தட்டினார். தொண்ணூற்றொன்பது முட்டையையும் படைத்துவிட்டு வந்தாள். மறுநாள் பன்னிரண்டேகாலுக்கு மீன்குழம்பு சரியாக வந்து சேர்ந்தது.

அதன் பிறகு ஏழு வருஷம். வால் போட மூன்று பேரை மாற்றி மாற்றி வைத்தார்கள். கண்ணிகா வரைந்த உடம்பில் மற்றவர்கள் போட்ட வால் சூளைக்குள் போனதும் உதிர்ந்து சாம்பலாகியது. வாலில்லாத சேவல் கிண்ணம் பாங்காக்கில் புது மோஸ்தர் என்று நன்றாகவே விற்றது, அதனால் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணிகா மட்டும் சாப்பாட்டை விட்டுவிட்டாள். அதாவது, சோற்றை விடவில்லை. எப்படியும் காகிதம்தான், இதில் குழம்பு எதற்கு, மிளகாய் எதற்கு என்று மூன்று வேளையும் வெறும் சோறு. அதையும் என் கடைக்கு நேர் எதிரே உட்கார்ந்து தின்பாள். என் வியாபாரத்துக்கே கேவலம்! அவள் வெள்ளைச் சோற்றை மெல்ல, நாக்கில் புளிக்குழம்பும் இறாலும் கணவாய் மீனும் வரும். எவ்வளவு நல்லா வாழ்றா பாரு, என்று ஒவ்வொரு கவளத்துக்கும் வயிறெரிவாள். லம்யாய் மசக்கையாக இருந்த மாதங்களில் பச்சைப் புளியங்காயாக வந்தது. கல்யாணமாகாத கண்ணிகாவுக்கு அந்தப் புளிப்பு பல்லோடு சேர்த்து நெஞ்சையும் கூச வைத்தது. ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

எட்டாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை மீன்குழம்பு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வயிறெரிய ஒன்றுமில்லாமல் கண்ணிகாவுக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. செத்துகித்துப் போயிட்டாளா என்று என்னிடமே வந்து கேட்டாள். புதன்கிழமை பகலில் தொழிற்சாலை வாசலில் லம்யாய் வந்து நின்றாள், அதே பழைய பையோடு. கன்னம் ஒட்டி, துணி தொங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. நேரே பெஞ்சுக்குப் போனாள்.

"ஏன்டி, உனக்கு என்னடி கேடு? ஏழு வருஷமா வெறும் சோறு! ஒரு மிளகாயாவது கடிக்கக் கூடாதா?"

கண்ணிகாவின் கையில் இருந்த தூரிகை சேவலின் கண்ணிலேயே நின்றுவிட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? மூணு வேளையும் தின்னது நான்ல!"

நேர்ந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதால் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். ஊரைவிட்டுக் கிளம்பிய அதே வாரம் லம்யாயும் ஆற்றங்கரைக்குப் போய், கண்ணிகா நாக்குக்குக் கிடைக்கிறது எல்லாம் தனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "எப்பவும் உன் கிண்ணத்துல இருக்குறதுதான்டி நல்லாருக்கும். நான் கண்ணை மூடிக்கிட்டதே உன் கிண்ணத்தைப் பார்க்கக் கூடாதுன்னுதான்." புருஷன் பிடித்த மீன், மாமியார் வைத்த குழம்பு, எதிலும் அவளுக்கு உப்புத் தெரியவில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே போக, கடைசியில் சோற்றையே வெறுத்து, இரண்டு நாள் பட்டினியாக ரயிலில் வந்திருக்கிறாள்.

கண்ணிகா எழுந்து என் கடைக்கு வந்தாள். "ஒரு கிண்ணம் போடுங்கண்ணே. மிளகாய் எண்ணெய் நிறைய." ஏழு வருஷத்துக்குப் பிறகு! கண்ணிகா ஒரு வாய் எடுத்தாள். எதிரே வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த லம்யாய் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே அழுதாள். பிறகு கண்ணிகா கரண்டியை அவள் கையில் திணித்து, "இப்ப நீ தின்னு" என்றாள். லம்யாய் தின்றாள். கண்ணிகாவுக்கும் கண் நிறைந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் எழுந்து தலைமயிரைப் பிடித்துக்கொண்டார்கள். "திருடி! என் ருசியைத் தின்னவளே!" "நீ மட்டும் என்னடி? ஏழு வருஷமா என் மீனு!" என் கிண்ணங்களில் ஐந்து உடைந்தன. நான் விலக்கிவிடவில்லை, ஆசை தீர அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

களைத்தபின் இரண்டு பேருமாக ஆற்றங்கரைக்குப் போய் மூன் மாமாவைப் பிடித்து உலுக்கினார்கள். "ஒரே வாரத்துல ரெண்டு பேரும் வந்து ஒரே வரத்தைக் கேட்டீங்க, அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றார் அவர், நிதானமாக. "வெளிய சொல்லக் கூடாதுல்ல." லம்யாய் பாக்கியிருந்த தன் முட்டைகளைப் படைத்தாள். படைத்ததைப் படியில் உட்கார்ந்து தின்றார்கள். இவள் முட்டை அவள் நாக்கில், அவள் முட்டை இவள் நாக்கில். எப்படி மாறினாலும் முட்டை முட்டைதானே. பதினாறு வயதுக்குப் பிறகு அவர்கள் தகராறில்லாமல் சாப்பிட்டது அன்றைக்குத்தான். கடைசி முட்டை வரைக்கும் அப்படியே போனது. அப்போது கண்ணிகா, "உன்னோடது பெரிசு" என்றாள்.

லம்யாய் பத்து நாள் தங்கி, இரண்டாயிரம் கிண்ணத்துக்கு வால் போட்டுக் கொடுத்துவிட்டு, புருஷனிடமும் மகளிடமும் திரும்பிப் போனாள். அவள் போட்ட வால் ஒன்றுகூட உதிரவில்லை. இது நடந்து பதினாலு வருஷம். கண்ணிகா தினமும் பன்னிரண்டேகாலுக்கு என் கடைக்கு வந்து, தனக்குக் காகிதமாக இருக்கும் நூடுல்ஸைக் கடைசிச் சொட்டு வரை வழித்துத் தின்கிறாள். அங்கே தீவில் லம்யாய் தனக்கு மண்ணாக இருக்கும் மீன்குழம்பை ஒரு கவளம் விடாமல் தின்கிறாள். ஒருத்திக்குச் சளி பிடித்தால்கூட ஒரு வேளை தவறுவதில்லை. ஆனாலும் தன்னைவிட அவளுக்குத்தான் நல்ல சாப்பாடு கிடைக்கிறது என்று இரண்டு பேருக்கும் இன்னும் பொறாமை. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் என் குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பயனில்லை. "புளி கொஞ்சம் தூக்கல்" என்று தீவுக் குழம்பைப் பற்றித்தான் சொல்வாள். என் குழம்பைப் பற்றிப் போன்தான் வர வேண்டும். இன்றும் அவள் பாதி கிண்ணத்தில் இருக்கும்போது மணி அடித்தது. எடுத்தேன். "அண்ணே, நேத்தைவிட இன்னைக்கு மிளகாய் எண்ணெய் கம்மி" என்றாள் லம்யாய். கண்ணிகாவின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.