ஹெட்விக்குக்கு ஒப்புக்கொடுத்த பூசை

1
இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். ஜெர்மனியில் இருக்கும் எண்பத்தெட்டு வயது ஹெட்விக்கிடமிருந்து மூன்று மாதமாக மின்னஞ்சல் இல்லை. செம்பூர்ப் பள்ளி ஒன்றில் குமாஸ்தாவான செல்வமேரிக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவருடைய வாழ்க்கையை எழுத உட்கார்ந்தாள்.

பனி கொட்டிய ஒரு காலையில் ஹெட்விக்

(கோடு போட்டு அடித்தாயிற்று. தாராவியில் வேர்த்துக்கொண்டு பனியைப் பற்றி எழுதுவானேன்?)

2
தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த முதல் பெண் ஹெட்விக். ராஜாக்களை விட்டுவிட்டு, துணி வெளுத்த பெண்களையும் மில் பெண்களையும் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதினார். முப்பது வருடத்துக்கு முன் அவர் தாராவிக்கு வந்தபோது செல்வமேரிதான் மொழிபெயர்த்தாள். தோல் கிடங்குப் பெண்கள் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். "பேர் இல்லாமல் யாரையும் எழுதாதே" என்றார். செல்வமேரி எழுத ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

3
முடிவு வராமல், 'ஹெட்விக் அமைதியாகக் கண்ணை மூடினார்' என்று எழுதிவைத்தாள். சோம்பேறி முடிவு. நோட்டை மேஜையில் விட்டுப் போனது அதைவிடப் பிசகு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார், செத்தவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஹெட்விக்கின் பெயரை வாசித்தார். வெளியே வந்ததும் செல்வமேரி புருஷன் இன்னாசிமுத்துவைப் பிடித்தாள்.

"யாரைக் கேட்டு பூசை குடுத்திய?"

"நோட்டுல நீதானட்டி செத்துட்டாவன்னு எழுதியிருந்த. ஒனக்கு ஆறுதலா இருக்குமேன்னு குடுத்தேன்."

"அது கதைல்லா."

"கதைன்னா ஆளச் சாவடிக்கலாமாக்கும்?"

(ஹெட்விக் கோயில் வாசலே மிதிக்காதவர். அதையும் சொல்லிப் புருஷனை நோகடிக்கவில்லை.)

4
செவ்வாய்க்கிழமை, ரயில் குர்லாவில் நின்றபோது மின்னஞ்சல் வந்தது. ஹெட்விக்குக்கு மணிக்கட்டு முறிந்திருந்ததாம். இப்போதுதான் விரல் அசைகிறதாம். செல்வமேரி ரயிலின் லேடீஸ் டப்பாவில் வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் நின்றவள் என்ன ஆச்சு என்று இந்தியில் "க்யா ஹுவா?" என்றாள். "ஜிந்தா ஹை", உயிரோடு இருக்கிறார், என்றாள் இவள். இப்படி ஒரு நிம்மதி அவளுக்குப் பிரசவம் முடிந்தபோதுகூடக் கிடைத்ததில்லை.

பூசை உட்பட எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டு எழுதினாள்.

5
இனி முடிவு. ஹெட்விக் கோபித்துக்கொண்டு பேச்சை முறிக்கிறார். அல்லது தாராவிக்கே கிளம்பி வந்து (இந்த வயதில் அவரை யார் விமானம் ஏற்றிவிடுவது?)

இரண்டையும் அடித்தாயிற்று. உண்மையில் வந்த பதில் இரண்டே வரி:

"என் பூசைக்கு யார் யார் வந்தார்கள்? பேரோடு எழுதி அனுப்பு."

செல்வமேரி எழுதிக்கொண்டிருக்கிறாள். இன்னாசிமுத்து. முன் பெஞ்சு ஸ்வீட்டி. பிரசங்கத்தில் தூங்கிய டென்சில். கடைசி வரி மட்டும் காலியாக இருக்கிறது. படித்தபடியே பூசைக்கு நீங்களும்தான் கூட வந்தீர்கள். உங்கள் பேர் என்ன?