விளக்குக் கொக்கும் பாறை எருமையும்

சீட்டுப் போட்டியின் கடைசிச் சுற்றில் யார் யாரோடு ஆட வேண்டும் என்பதைக் கடைக்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்று வாசித்தார். முதல் மேஜைக்கு வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"சைலன்சர்," என்றார். "எதிர்ல... டிரைவரம்மா."

கூடத்தில் ஒரு சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. அவர்கள் கணவன் மனைவி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நாளாகப் பேசிக்கொள்வதில்லை என்பதும் தெரியும். ஒரே வீட்டிலிருந்து தனித்தனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களை ஊர் கவனிக்காமல் விடுமா?

மிருகமும் பறவையும் அச்சிட்ட ஆட்டச் சீட்டுகளை விற்று, ஞாயிறுதோறும் போட்டியும் நடத்தும் அந்தக் கடை ஒரு சலவைக் கூடத்துக்கு மேலே இருந்தது. கீழே துணி உலர்த்தும் இயந்திரங்கள் ஓடும்போதெல்லாம் மேலே மேஜைகள் மெல்ல அதிரும். பலகை இடுக்குகள் வழியாக வெதுவெதுப்பான சோப்பு வாசனை ஏறி வரும். ஜன்னல் கண்ணாடிகளில் ஆவி படிந்து, வெளியே போகிற மனிதர்கள் கரைந்த உருவங்களாகத் தெரிவார்கள்.

அவன் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை பார்த்தான். நாள் முழுக்க ஒரு விளக்கின் கீழ் குனிந்து, யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல்லுக்கு மேடுபள்ளம் செதுக்குவான். பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை; சைலன்சர் என்பது கடையில் வைத்த பட்டம். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பேசாமல் ஒரு தெருவைக்கூடத் தாண்ட மாட்டாள்.

கடலோர ஊர் ஒன்றின் டிப்போவில் புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்த அன்று அவன் சாப்பாட்டு மேஜையில் சீட்டுகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தான்.

"போகட்டுமா, வேண்டாமா? போனா நீங்க கூட வருவீங்களா, மாட்டீங்களா?"

"பார்க்கலாம்," என்றான்.

அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வீடு மாத்தலாமான்னு கேட்டேன், பார்க்கலாம்னீங்க. பூனை வளர்க்கலாமான்னு கேட்டேன், அதுக்கும் பார்க்கலாம். அந்தப் பூனைக்கு இந்நேரம் பேரன் பேத்தியே பிறந்திருக்கும். இனிமே நான் வாயத் திறக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டிப்போவுக்குப் பதில் சொல்லணும். அதுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லலேன்னா நான் மட்டும் போறேன்னு எழுதிக்கச் சொல்லிடுவேன். பார்க்கலாம்ங்கறது வார்த்தைல சேராது."

இன்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. அவன் இதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தயங்கியதற்குக் காரணம் இருந்தால்கூடச் சொல்லியிருப்பான். பல் இல்லாத ஊர் உண்டா? எங்கே போனாலும் அவனுக்கு வேலை கிடைக்கும். சொற்கள் வாய் வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்து, அவனோடு சேர்ந்து தூங்கிப்போயின.

முதல் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பக்கத்து மேஜைக்காரர், தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் தடித்த மனிதர், குனிந்து கிசுகிசுத்தார். "யோவ், ஆடவே வேணாம்யா. டிரா போட்டுக்கங்க. ரெண்டு பேருமே அடுத்த வாரம் எட்டுப் பேர் ஆடற இறுதிப் போட்டிக்குப் போயிடலாம். ஒருத்தர் கேக்கணும், ஒருத்தர் சரின்னு சொல்லணும். அவ்வளவுதான்."

அவள் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணே, இங்க எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. வேற யாராவது கேக்கறதா இருந்தா வாய் இருக்கு."

கடைக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் சீட்டுகளைக் கலைத்தான்.

அவனுடைய சீட்டுக்கட்டு முழுக்கப் பறவைகள். தரையில் நிற்கும் விலங்குகளால் பறப்பதைத் தடுக்க முடியாது என்பது இந்த ஆட்டத்தின் விதி. ஆரம்பத்திலேயே சின்னச் சின்னப் பறவைகளை இறக்கிவிட வேண்டும். எதிராளி பெரிய மிருகம் எதையாவது கொண்டுவரும்போது அதை எதிர்காற்று என்ற சீட்டால் அவர் கைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். மிருகம் சாகாது. மறுபடி இறங்க ஒரு முறை வீணாகும். அந்த இடைவெளியில் பறவைகள் கொத்திவிட்டுப் போகும். வேகத்தை வைத்து ஜெயிப்பதால் கடையில் இதற்கு டெம்போ கட்டு என்று பெயர். முதல் தடவை அதைக் கேட்டபோது அவள், "டெம்போன்னா எத்தனை மூட்டை ஏத்தலாம்?" என்று கேட்டுக் கடையையே சிரிக்க வைத்திருந்தாள்.

அவளுடைய கட்டில் எல்லாமே கனமானவை. கரடி, காண்டாமிருகம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாறை எருமை.

ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்தார்கள். மூன்றாவது ஆட்டம் தொடங்கியபோது கீழே எல்லா இயந்திரங்களும் ஒன்றாக ஓடின. மேஜை நடுங்கியது. அவன் இறக்கிய விளக்குக் கொக்கு லேசாக அசைந்தது. ஒற்றைக் காலில் நின்று அலகில் விளக்கைக் கவ்வியிருக்கும் கொக்கு. அதன் பக்கத்தில் காகித ஆந்தை. இரண்டும் மூச்சு விடுவதுபோல அவனுக்குத் தோன்றியது.

"பறக்குது," என்றான். "தடுக்கறதுக்கு ஏதாவது?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

அன்றைக்கு அவன் அவளிடம் சொன்ன முதல் சொற்கள் அவைதான். ஆட்டத்துக்காகச் சொன்னவை, கணக்கில் வராது. இருந்தாலும் சொன்ன பிறகு நாக்கில் ஒரு சூடு நின்றது.

கொக்கு மேஜைக்கு மேலே எழும்பியது. அவன் அதோடு போனான். கீழே ஈரமான வயல்கள், அவற்றுக்கு நடுவே உள்ளே விளக்கெரியும் ஒரு நீளமான பேருந்து. அதில் ஓட்டுநரைத் தவிர யாருமில்லை. பேருந்துக்கு அப்பால் ஒரு சமையலறை. கூரை இல்லாத வீட்டைப் பார்ப்பதுபோல மேலிருந்து பார்த்தான். ஒருத்தி வேலைக்குக் கிளம்புகிறாள், ஒருவன் வேலையிலிருந்து வருகிறான். வாசலில் இருவரும் தோளை ஒதுக்கி ஒருவரையொருவர் இடிக்காமல் தாண்டிப் போகிறார்கள். தரையில் போவது தரையில் போகிறது. பறப்பது பறக்கிறது. இரண்டும் மோதுவதே இல்லை.

"பறந்தாச்சுல்ல, இப்ப டிரைவரம்மா முறை," என்றார் கடைக்காரர். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தான் என்று தெரியவில்லை.

அவள் பாறை எருமையை இறக்கினாள். அவன் எதிர்காற்றைப் போட்டான். எருமை அவள் கைக்குத் திரும்பியது.

"பார்த்தீங்களா அண்ணே," என்றாள் அவள். "பார்க்கலாம்னு சொல்லிட்டாரு."

தபால்காரர் தொண்டையைச் செருமிச் சிரிப்பை மறைத்தார். அவன் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தான். அவள் சொன்னது நிஜம். ஜெயித்த ஆட்டங்களையெல்லாம் அவன் இப்படித்தான் ஜெயித்திருந்தான். எதையும் தீர்த்ததில்லை. வருவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டான், அந்த நேரத்தில் வேறெங்கோ பறந்தான்.

பறவைகள் கொத்தின. ஆட்டக் கணக்கில் அவளுக்கு உயிர் நாலு மிச்சம். கொக்கு மூன்றைக் கொத்தும், ஆந்தை ஒன்றை. இன்னொரு முறை பறந்தால் முடிந்தது.

அவள் எருமையை மறுபடி இறக்கியிருந்தாள். இப்போது அதை மெதுவாகத் திருப்பி வைத்தாள். திருப்பினால் தாக்குகிறது என்று அர்த்தம். அது வந்து முட்டினால் அவன் காலி. கையில் கடைசி எதிர்காற்று இருந்தது.

"டிரா கேளுய்யா," என்றார் தபால்காரர். "இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல."

கேட்கலாம். அவள் சரி என்றும் சொல்லக்கூடும். இருவரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போவார்கள். அதுவும் ஒரு பார்க்கலாம்தான். ஆனால் டிப்போக்காரர்கள் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க மாட்டார்கள்.

கீழே ஓர் இயந்திரம் நின்றது. பிறகு இன்னொன்று. மேஜை அதிர்வதை நிறுத்தியது. கொக்கின் விளக்கு அசையாமல் எரிந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. எருமையின் விளிம்பை விரலால் நேராக்கிக்கொண்டிருந்தாள். அந்த விரலில் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த இடம் வெளுத்துத் தெரிந்தது. அதை இதற்கு முன்னால் இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறோமா என்று யோசித்தான்.

"நானும் வரேன்," என்றான்.

"எங்க வர்றே? ஆட்டத்தை ஆடு," என்றார் தபால்காரர்.

கடைக்காரர் அவரைக் கையமர்த்தினார். கூடத்தில் மற்ற மேஜைகளில் சீட்டு கலைக்கும் ஓசை மட்டும் கேட்டது. அவள் விரல் எருமையின் மேல் அப்படியே இருந்தது. இந்த மௌனம் எப்படி இருக்கும் என்று அவன் முதன்முறையாக எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிந்துகொண்டான். தாங்கவே முடியாததாக இருந்தது.

கடைசியில் அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க கடைல வாயால சொன்னா சொன்னதுதானே?"

"அதானேம்மா சட்டம். இல்லேன்னா எவன் கடை நடத்தறது?"

"திரும்ப வாங்க முடியாதே?"

"முடியவே முடியாது."

அவள் அவனைப் பார்த்தாள். கண் ஓரம் ஈரமாக இருந்தது. குரலில் அது கொஞ்சமும் இல்லை.

"சொல்லியாச்சுல்ல? இப்ப ஆடுங்க. எருமை எவ்வளவு நேரம் நிக்கும்?"

அவன் எதிர்காற்றை வைத்தான். அவள் உதட்டைச் சுழித்து எருமையைக் கையில் எடுத்து, உடனே மறுபடி தரையில் இறக்கி வைத்தாள். அவன் முறை வந்தது. கொக்கையும் ஆந்தையையும் திருப்பினான். எருமை தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் முடிந்தது அவ்வளவுதான்.

"பறக்குது," என்றான். "தடுக்கறியா?"

"எதை வச்சு?" என்று கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக் குலுக்கினான். விட மறந்துவிட்டான்.

"கொன்னுட்டுக் கூடவே வரேங்கறாரு பாருங்கண்ணே," என்றாள்.

கூடம் சிரித்தது. தபால்காரருக்கு மட்டும் ஆறவில்லை. "ரெண்டு பேரும் போயிருக்கலாம்..." என்று முனகிக்கொண்டே சீட்டுகளை அடுக்கினார்.

கீழே சலவைக் கூடத்தின் வாசற்படியில் உட்கார்ந்து அவள் டிப்போவுக்குப் பேசினாள். யார் யாரிடமோ மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று அவர்கள் முதுகில் மோதியது.

"ஆமாங்க, வரேன்," என்றாள். "வீடா? வீடு வேணும்ங்க. இல்ல, ஒருத்தருக்கு இல்ல. ரெண்டு பேர்." அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். "பூனை வளர்க்க விடுவாங்களான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

போனை வைத்தாள். தெரு முனையில் பஸ் திரும்பியது. அதை ஓட்டி வந்தவர் அவளை அடையாளம் கண்டு ஹாரன் அடித்தார். ஒரே பஸ்ஸில் ஏறினார்கள்.