சித்தூர் வரை ஓட வேண்டிய வண்டி

என் அப்பா ஏழுமலையை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு என் ஒர்க்‌ஷாப்பைக் கண்டால் ஆகாது. அது நிற்கும் இடம் அவருடையது என்பதால், அவருக்கு ஆகாதது எனக்கும் ஆகாமல் போய்விடும் ஆபத்து எப்போதும் இருந்தது.

திருப்பதிக்குப் பக்கத்தில், திருச்சானூரில் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு துண்டு நிலம் இருந்தால் புத்தியுள்ள யாரும் லாட்ஜ்தான் கட்டுவார்கள். நகரியில் பவர்லூம் தறிகளை விற்றுவிட்டு வந்த நைனா அந்த எண்ணத்தில்தான் அதை வாங்கிப் போட்டார். அவர் கட்ட ஆரம்பிப்பதற்குள் நான் சத்தியவேடு பக்கத்துக் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்து, அங்கே தகரக் கூரை போட்டு, பழைய கார்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் என் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, காபியைக் கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்றிலிருந்து அவர் என்னிடம் நேராகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சாப்பிட்டாயா என்பதைக்கூட சுவரிடம் கேட்பார், நான் சுவருக்குப் பதில் சொல்வேன்.

இந்த நிலைமையில்தான் சித்தூர் டாக்டர் சுரேஷ்பாபுவின் வண்டி வந்தது. முப்பது வருஷத்துப் பழைய ஜப்பான் வண்டி. ரெண்டே கதவு, மூக்குக்குள் மூடித் திறக்கும் ஹெட்லைட். யாரோ முன்பே அதற்கு டர்போ மாட்டியிருந்தார்கள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அடைத்துத் திணிக்கிற சாமான். காற்றைத் திணித்தால் பெட்ரோலும் அதற்கு ஈடாகப் போக வேண்டும். போகாவிட்டால் உள்ளே சூடு எகிறி பிஸ்டன் உருகிவிடும். மாட்டிய மகானுபாவர் டர்போவை மட்டும் மாட்டிவிட்டு, பழைய பம்ப்பையும் பழைய குழாயையும் அப்படியே விட்டிருந்தார். பத்துப் பேருக்கு வடித்த சோற்றை வைத்துக்கொண்டு கல்யாணப் பந்தியைக் கூப்பிட்ட மாதிரி. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் வண்டி இருமும், நிற்கும். என்னிடம் வந்த பிறகும் ரெண்டு தடவை நடுரோட்டில் நின்று, லாரியில் ஏற்றித் திருச்சானூர் முழுக்க வேடிக்கை பார்க்கத் திரும்பி வந்தது.

ரெண்டாவது தடவை நைனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாத்திரம் என்னிடமே நேராகப் பேசினார்.

"லாட்ஜ் கட்டறதுக்கு ஒருத்தன் எடம் கேட்டுகினு கீறான். நான் இன்னா சொல்லட்டும்?"

"இந்த வண்டிய முடிச்சிடறேன் நைனா."

"முடிச்சி, இத்த ஓட்டிகினு போய் சித்தூர்ல டாக்டர் ஊட்டு வாசல்ல நிறுத்து. நானும் பக்கத்துல குந்திகினு வரேன். நிறுத்திட்டன்னா எடத்தப் பத்திப் பேச மாட்டேன். வழியில நின்னுச்சின்னா, மறுபடியும் கம்பெனிக்கே போய்டணும். சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

அதற்கப்புறம் என் சோறு தூக்கம் எல்லாம் அந்த பெட்ரோல் டாங்க்தான். டாங்க்கை இறக்கி, உள்ளே இருந்த துருவைக் கழுவி எடுத்தேன். டாங்க்குக்குள்ளேயே உட்கார்கிற மாதிரி பெரிய பம்ப் போட்டேன். எஞ்சினில் பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைப் பெரிதாக மாற்றினேன். இப்போது எந்த பங்க்கில் போட்டாலும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது, அது பழைய ரப்பர் குழாய்களை ஊற வைத்துத் தின்றுவிடும். அதனால் டாங்க்கிலிருந்து எஞ்சின் வரை குழாய் அத்தனையும் புதிது. டேஷ்போர்டில் ரெண்டு மீட்டர் வைத்தேன். ஒன்று பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது என்று சொல்லும், இன்னொன்று காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்கிறதா என்று சொல்லும். ஷெட்டில் நிறுத்தியே எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் ரெண்டு முள்ளும் இருக்க வேண்டிய இடத்தை விட்டு அசையவில்லை. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

புறப்படுகிற நாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது, நைனா எனக்கு முன்னாடியே ஷெட்டில் இருந்தார். வண்டி நெற்றியில் சந்தனம், குங்குமம். நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம். அவர் இடுப்பில் வெள்ளை வேட்டி, நெற்றியில் பளிச்சென்று நாமம். ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய் இடது பக்கம் உட்கார்ந்தார். என் வண்டிக்கு அவர் கையால் குங்குமம் வைத்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

திருப்பதி ஊருக்குள் வண்டி பசு மாதிரி வந்தது. சிக்னலில் பைக் பையன்கள் கண்ணாடியைத் தட்டி, என்ன வண்டியோ என்ற ஆவலில், "அக்கா, ஏ பண்டி இதி?" என்று கேட்டார்கள். நைனா முந்திக்கொண்டார்.

"மா அம்மாயி சேசிந்தி," என்றார். என் பெண் செய்தது என்று தெலுங்கில் ஊருக்குச் சொன்னார், எனக்குத் தமிழில் சொல்லவில்லை. பரவாயில்லை. நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சந்திரகிரி தாண்டியதும் ரோடு காலியானது. ரெண்டு பக்கமும் மாந்தோப்பு. நைனா ஸ்பீடு மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்ளோதான் போவுமா?"

"போவும் நைனா. பயப்படுவியேன்னு பாக்கறேன்."

"நானா? ஓட்டு, ஓட்டு."

முன்னால் நீளமான ஏற்றம். அழுத்தினேன். டர்போ விசிலடித்தது, முதுகு சீட்டோடு ஒட்டியது. நைனா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நானும் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

மறுபடி ரோட்டைப் பார்த்தபோது கலவை மீட்டரின் முள் பெட்ரோல் போதவில்லை என்கிற பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்திருந்தது. அழுத்தம் காட்டும் முள் மட்டும் அசையாமல் சரியாக நின்றது. காலை எடுப்பதற்குள் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. வண்டி தன் வேகத்தில் கொஞ்ச தூரம் உருண்டு, ஒரு சின்னப் பாலத்தின் ஓரத்தில் நின்றது.

"நின்னுச்சா?" என்றார் நைனா.

நான் இறங்கினேன். பானெட்டைத் திறந்து, கை சுடச் சுட பிளக்குகளைக் கழற்றினேன். ஒரு பிளக்கின் முனையில் பொடிப் பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தது. பிஸ்டன் உருகித் தெறித்த பொடி. அதைப் பார்த்துவிட்டால் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எஞ்சின் போய்விட்டது.

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. அழுத்தம் சரியாக இருக்கிறது, அப்படியானால் பம்ப் வேலை செய்கிறது, குழாய் ஒழுங்காக இருக்கிறது. பிறகு எது? பின்னால் போய், பம்ப்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, காலித் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அது பாட்டிலுக்குள் ரெண்டாகப் பிரிந்தது. மேலே கொஞ்சம் மஞ்சளாக பெட்ரோல், அடியில் நிறமில்லாமல் தண்ணீர். கால் பாட்டிலுக்கு மேல் தண்ணீர். எத்தனாலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு டாங்க் அடியில் கிடந்திருக்கிறது. சமதரையில் முன்பக்க மூலையில் பேசாமல் இருந்தது. ஏற்றத்தில் பின்னால் ஓடிவந்து நேராக என் புதுப் பம்ப்பின் வாயில் விழுந்திருக்கிறது. நான் போட்ட பம்ப் பாவம், பெட்ரோலை அனுப்புகிற அதே அழுத்தத்தில் தண்ணீரையும் அனுப்பியிருக்கிறது.

பங்க்காரனைத்தான் முதலில் நினைத்தேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, பாட்டிலோடு பாலத்துக்கு வந்தேன். நைனா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி இன்னும் நோவுதா நைனா?"

"மல ஏறனதுல புடிச்சிகினுச்சி. உடு, சரியாப் பூடும்."

"மலைக்கா? எப்போ போன?"

"நேத்திக்கி. ஒனக்கு இன்னாத்துக்கு சொல்லணும்னு சொல்லல." ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அலிபிரிலேர்ந்து படி ஏறியே போனேன். இந்த வண்டி நல்லா ஓடணும், எம் பொண்ணு தல நிமுந்து நிக்கணும்னு வேண்டிகினேன். அப்டியே பாபவிநாசத்துக்குப் போயி தீர்த்தம் புடிச்சாந்தேன், பெரிய பாட்டில்ல."

நான் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தேன்.

"அந்தத் தீர்த்தம் எங்க நைனா?"

"வண்டிக்குத்தான். மேல தெளிச்சா காஞ்சிப் பூடாதா? நம்ம தறி மோட்டருக்குத் தெளிப்பமே, அப்டி இல்ல. மனுசன் தீர்த்தத்த தலைல தெளிச்சிகினு உட்டுடறானா, வாயில ஊத்திக் குடிக்கிறான் இல்ல? வண்டிக்கு வாய் அந்த பெட்ரோல் மூடிதான? நீ குளிக்கப் போனப்ப மொத்தத்தையும் ஊத்திட்டேன். ஒரு சொட்டு கீழ உடல."

காற்று கொஞ்சம் அடித்தது. மாந்தோப்பில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு அத்தனை படியும் ஏறி, கூட்டத்தில் நின்று பிடித்த தண்ணீரை, சிந்தாமல் சுமந்து வந்து, என் எஞ்சினைக் கொன்றிருக்கிறார். யார் மேல் கோபப்படுவது? பங்க்காரன் இருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

நைனா என் கையைப் பார்த்தார்.

"அது இன்னாது, அடியில தனியா நிக்குது?"

"தண்ணி."

"பெட்ரோல்ல தண்ணியா? எப்டி வந்துச்சி?"

விளையாட்டாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்டார். அவர் ஊற்றியது தீர்த்தம். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்பது அவர் மனதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். சொன்னால் ஷெட் பிழைக்கும், லாட்ஜ்காரனை அவரே விரட்டிவிடுவார், தப்பு என்மேல் இல்லை என்று ஊருக்கெல்லாம் தெலுங்கில் சொல்வார். ஆனால் அதற்கப்புறம் இந்த மனுஷன் எந்த முகத்தோடு மலையைப் பார்த்துக் கும்பிடுவார்? நான் வாயைத் திறந்தேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்தார்.

"தெரில நைனா," என்றேன்.

"தெரிலன்னா?"

"எப்டி வந்துச்சின்னு எனக்குத் தெரில."

நைனா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து, என் தலையில் கை வைத்தார். சின்ன வயதுக்கப்புறம் அவர் அப்படித் தொட்டதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுக்கு எதிர்த்துப் பேசலாம்.

"தெரியாத வேலைய எதுக்கும்மா இழுத்துப் போட்டுக்கற," என்றார் மெதுவாக. "நீ ஒன்னால ஆனத செஞ்ச, நானும் வேண்டிகினேன். அதுக்கப்பறம் மலைல கீறவரே வேணான்னுட்டாரு. நாம இன்னா பண்ண முடியும்?"

பாட்டில் என் கையில் இருந்தது. அவர் அதை வாங்கி, மூடியை இறுக்கி மூடி, மண்ணில் ஊற்றாமல் பத்திரமாக வண்டிக்குள் வைத்தார். பெட்ரோல் வீணாக வேண்டாம் என்று சொன்னார். அப்புறம் தன் செல்லை எடுத்து லாட்ஜ்காரனுக்குப் போன் போட்டார். நான் லாரிக்குப் போன் போட்டேன்.