கந்தப்பனின் தீவுத் தீர்த்தம்

இது எழுபத்தெட்டிலா, அதற்கு அடுத்த வருஷமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சில இடங்களில் என் மனமே கூட்டிச் சேர்த்திருக்கலாம். ஆனால் ஈ எச்சத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

மல்லசமுத்திரம் கந்தப்பன் வெல்லம் விற்கச் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் போனபோது சுவரில் இந்திய வரைபடம் தொங்கியது. இரண்டு பக்கக் கடலிலும் கறுப்புப் புள்ளிகள். ஈ எச்சம் என்று நினைத்துத் துண்டால் துடைத்தார். போகவில்லை.

"அதெல்லாம் தீவுங்க. கிழக்க அந்தமான், மேக்க லட்சத்தீவு," என்றார் மண்டிக்காரர்.

அன்றிலிருந்து கந்தப்பனுக்கு உழவில் மனமில்லை. இரண்டையும் பார்க்காமல் சாவதில்லை என்று முடிவு செய்தார். ஆனால் சாமி இல்லாத இடத்துக்கு அந்த ஊரில் யாரும் பயணம் போனதில்லை. மனைவி முத்தாயம்மாளிடம், "தீவுக்குத் தீவு முருகன் கோயில் இருக்குது புள்ள," என்று சொல்லிவைத்தார்.

"அப்படின்னா கோயிலுக்கு ஒரு சீசா தீர்த்தம் கொண்டாங்க. பங்காளிகளுக்குக் குடுக்கோணும்," என்று அவள் சீசாக்களைக் கழுவிக் கொடுத்தாள்.

அந்தமானில் காடு பார்த்தார், பவளம் பார்த்தார், படகேறித் தீவு தீவாகப் போனார். சீசா ஞாபகம் வந்தபோது திரும்பும் கப்பல் மெட்ராஸில் நின்றிருந்தது. துறைமுகப் படியில் குனிந்து எல்லாவற்றையும் நிரப்பினார்.

வீட்டில் பங்காளிகள் கை நீட்டி நின்றார்கள். பெரியப்பா மகன் சின்னண்ணன் முதலில் உறிஞ்சினார்.

"ஏப்பா, உப்புக் கரிக்குது?"

"கடலுக்குள்ள இருக்கிற முருகன். பின்ன கரும்புச்சாறா வரும்?"

"டீசல் வாடையும் அடிக்குதே?"

கந்தப்பனுக்கு வேர்த்தது. குட்டு வெளிப்பட்டால் மேற்குக் கடல் இந்த ஜென்மத்தில் இல்லை. முத்தாயம்மாள் உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"சக்தியுள்ள தீர்த்தம். வாடை பாக்கறவங்களுக்குப் பலிக்காது," என்றாள்.

சின்னண்ணன் அவசரமாக மறுபடி கை நீட்டினார்.

கூட்டம் கலைந்ததும் அவள் சொன்னாள்: "கடல் பாக்கோணும்னு சொல்லியிருந்தா நானும் வந்திருப்பனுங்க. மேக்கத் தீவுக்கு நானும் வாரேன்."

கொச்சியில் கப்பலேறியதும் வாந்தியெடுத்துப் படுத்த கந்தப்பன் கரை திரும்பும்வரை எழுந்திருக்கவே இல்லை. தீவுக்குத் தீவு அவள் மட்டும் இறங்கினாள்.

"என்ன இருந்துச்சு புள்ள?"

"சொன்னாத் தெரியாதுங்க," என்று சீசாவை நீட்டினாள். "இந்தாங்க, உங்களுக்குத் தீர்த்தம்."

அந்த வருஷம் கிணறு ஊறியது தீர்த்தத்தால்தான் என்று சின்னண்ணன் கடைசிவரை நம்பினார். மண்டிப் படத்தைக் கரையான் தின்றது. கந்தப்பன் லட்சத்தீவைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். முத்தாயம்மாள் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்து, ஊர்ப் பெண்களுக்கு லட்சத்தீவுக் கதை சொல்லி, தூக்கத்தில் இறந்தாள்.