மஞ்சள் பூவுக்கு ஒரு செங்கல் காவல்

வடக்குப்பட்டு ஏரிக்கரையில் அந்தச் செடியைப் பார்த்ததும் நான் போட்ட கூச்சலில் கோவிந்தம்மா அக்காவின் ஆடுகள் பன்னிரண்டும் நாலா பக்கமும் சிதறின. என்னைப் பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து அக்கா கம்போடு ஓடி வந்தார்.

"இன்னா பொண்ணு, மஞ்சப் பூவுக்கா இந்தச் சத்தம்? எங்க வூட்டுப் பூசணிப் பூவப் பாத்தா மயக்கமே போட்டுடுவ போல கீதே!"

அது 1991, தை மாதம். குன்றத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, எம்.ஃபில். பட்டத்துக்காகச் செடி தேடிக்கொண்டிருந்தேன். இது கிலுகிலுப்பை இனம் என்பதுவரை சரி. ஆனால் அரிதான வகைக்கும் சாதாரண வகைக்கும் பூ ஒன்றுபோலவே இருக்கும். காயைப் பார்த்தால்தான் தீர்மானிக்க முடியும். அரிதானதன் காயில் மெல்லிய ரோமம் இருக்கும், மற்றது வழவழவென்று இருக்கும். மொத்தமே ஒன்பது செடிகள். மழைக்கு முளைத்து, தையில் பூத்து, மாசியில் காய்த்து, விதையைச் சிதறவிட்டுச் செத்துப்போகும். என் பேராசிரியரோ மாசி முடிவதற்குள் காய் வராவிட்டால் வேறு தலைப்புக்கு மாறிக்கொள் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆடுகள் செடியை மேயாமல் அக்கா பார்த்துக்கொள்வார். தொழிற்சாலைக்கு நிலம் பார்க்கக் கரையோரம் வரும் ஜீப்பை யார் தடுப்பது?

"ஒரு செங்கல்ல நட்டு மஞ்சா பூசு. ஜீப்பு சுத்திக்கினு பூடும்" என்றார் அக்கா. தன் வீட்டில் இடிந்த அடுப்பிலிருந்து செங்கல்லும் எடுத்து வந்தார்.

அறிவியல் படித்தவள் இதற்கு எப்படி ஒப்புக்கொண்டாள் என்று கேட்காதீர்கள். மஞ்சள் தூள் வாங்கி வந்ததே நான்தான்.

காய்ச்சலில் படுத்து இரண்டு வாரம் கழித்துப் போனேன். ஜீப்பின் சக்கரத் தடம் மரியாதையாக வளைந்து போயிருந்தது. செங்கல் பாவாடை கட்டியிருந்தது. முன்னால் கற்பூரம், எலுமிச்சை, ஒரு குவியல் மஞ்சள் பூ. ஒன்பது செடியும் மொட்டையாக நின்றன. வெள்ளிக்கிழமை வந்த பெண்கள் பக்கத்திலேயே பூ இருக்கிறதே என்று பறித்துப் போட்டிருக்கிறார்கள்.

"சாமிய வச்சிட்டு, பூ போடாதன்னா எப்பிடி?" என்று அக்கா சிரித்தார்.

"எல்லாம் உங்களாலதான்!" என்று கத்திவிட்டு, அழுதுகொண்டே பஸ் ஏறினேன். அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

மாசிக் கடைசியில், காய்ந்த தண்டையாவது கொண்டுபோய்க் காட்டலாம் என்று வந்தேன். எட்டுச் செடிகள் சருகாகியிருந்தன. ஒன்பதாவதில் மஞ்சள் துணி சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. வேண்டுதல் முடிச்சு. தொட்டதும் உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. காய்!

அவிழ்க்கப் போன கை நின்றுவிட்டது. வேண்டுதல் பலித்த பிறகு, முடிந்தவர்தான் அவிழ்க்க வேண்டும். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் முடிந்தவளுக்கு இருக்குமே. குழந்தைக்காகவோ, மகள் கல்யாணத்துக்காகவோ எவளோ நம்பி முடிந்ததை நான் பிய்த்தெடுப்பதா? அதுவும் அடுப்புச் செங்கல்லைச் சாமியாக்கி ஏமாற்றியவள்! எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆடுகளோடு வந்த அக்காவிடம் கெஞ்சினேன். "இது யார் முடிஞ்சதுன்னு கேட்டுச் சொல்லுங்கக்கா. அவங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

அக்கா ஆடுகளை எண்ணுவதுபோல வேறு பக்கம் பார்த்தார். "கால்லலாம் வுழ வேணாம். நான்தான் முடிஞ்சேன்."

"நீங்களா? இது உங்க அடுப்புச் செங்கல்லாச்சே, அக்கா!"

"எனுக்குத் தெரியாதா? ஆனா இத்தினி பேரு வந்து கும்புட்டாங்களே, அதுக்கும் கொஞ்சம் சக்தி வந்திருக்காதா?"

"என்னன்னு வேண்டிக்கிட்டீங்க?"

"நீ அழுதுகினு போனியே. ஒரே ஒரு பிஞ்சு எலைக்குள்ள ஒளிஞ்சிகினு இருந்துச்சி. அதுவாச்சும் நிக்கணும், அந்தப் பொண்ணு படிப்பு கெடக்கூடாதுன்னு முடிஞ்சேன்."

அவரே உட்கார்ந்து அவிழ்த்தார். காய் வெடித்திருந்தது. ஒரு விதைகூடத் துணியைத் தாண்டிப் போகவில்லை. ஓட்டின் மேல் மெல்லிய ரோமம் வெயிலில் மின்னியது. அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"காய் வந்தாலும் அழுவுற, வராட்டியும் அழுவுற" என்றார் அக்கா. "எழுந்து போய்த் தேங்கா வாங்கியா. ஒண்ணு ஒடைக்கறன்னு செங்கல்லாண்ட சொல்லிக்கீறேன்."

ஒரகடம் கடைத்தெருவுக்கு ஓடினேன். இரண்டாக வாங்கி வந்தேன்.