மீனம்மாவின் கழுத்து

மாயாண்டிக்கு அவமானமாக இருந்தது. மீனம்மாவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கிளிநொச்சி பஸ் நிலையத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றார்கள். மீனம்மாவுக்கு வலப்பக்கம் மட்டும்தான் பார்க்க முடியும். இடப்பக்கம் கழுத்து திரும்பாமல் போய் எட்டு மாதமாகிவிட்டது.

பதின்மூன்று வயதிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்த கழுத்து அது. எழுபத்தேழு கலவரத்தில் குடியிருந்த லயத்து வீடு எரிந்து, குடும்பத்தோடு ஜெயபுரத்துக்கு வந்து காடு வெட்டி, இப்போது நாற்று நடுகிறாள். குனிந்தால் நிமிர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தந்த குளிசை ஒன்றும் கேட்கவில்லை. சீன ஊசி வைத்தியம் பார்த்தால் மாறும் என்று பலர் சொன்னார்கள். யாரிடம் போவது என்பதை மாயாண்டியே முடிவு செய்தான். பெரிய போர்டு மாட்டியிருந்த பரமலிங்கத்திடம் அன்று காலை கூட்டிப்போனான்.

அங்கே இரண்டு மணித்தியாலம் காத்திருந்தார்கள். பிறகு வந்தவர்களெல்லாம் முன்னால் போனார்கள். கடைசியில் உள்ளே கூப்பிட்ட பரமலிங்கம் அவளைப் பார்க்காமலே மாயாண்டியிடம் கேட்டார்:

"இவளுக்கு என்ன?"

மாயாண்டி சொல்லி முடிப்பதற்குள், முன்னே போனவரின் முதுகிலிருந்து பிடுங்கித் தட்டில் போட்டிருந்த ஊசிகளில் ஒன்றை எடுத்தார்.

"ஐயா, அதைக் கொதிக்க வச்சீங்களா?" என்று மீனம்மா கேட்டாள்.

பரமலிங்கம் சிரித்தார். "கொழுந்து பிடுங்கின நீ எனக்கு வைத்தியம் படிப்பிக்கிறியோ? உங்கட தோட்டக்காட்டு உடம்புக்கு ஒண்டும் ஆகாது. திரும்பி இரு."

அவள் எழுந்தாள். "உக்காரு புள்ள, வாயை மூடு," என்று மாயாண்டி கையைப் பிடித்தான். கையை உதறிவிட்டு வெளியே வந்தாள்.

"ஊரெல்லாம் போற எடத்துல மானத்தை வாங்கிட்டியே," என்றான் மாயாண்டி, பஸ் நிலையத்தில்.

"என் கழுத்துங்க அது. அவரு உங்ககிட்டதானே பேசினாரு, நீங்களே குத்திக்கிட்டிருக்கலாமே!"

அவனை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். புடவைக்கடைக்காரியிடம் விசாரித்தாள். ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து கொழும்பில் ஊசி படித்து வந்த விமலேஸ்வரி என்பவர், சந்தைக்குப் பின்னால் வீட்டில் பார்ப்பதாக அவள் சொன்னாள்.

விமலேஸ்வரி கதிரையைக் காட்டி, "இருங்கோ அக்கா," என்றார். மீனம்மா உட்காரவில்லை. கோபம் இன்னும் இறங்கவில்லை.

"எத்தனை நாள் படிச்சீங்க? ஊசியைக் காட்டுங்க. யாருக்காவது கெடுதல் ஆயிருக்கா?"

விமலேஸ்வரியின் முகம் சிவந்தது. "விசாரணைக்கோ வந்தனீங்கள்?"

"ஆமாங்க."

விமலேஸ்வரி குசினிக்குப் போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியோடு வந்து ஊசிகளைக் காட்டினார். "ரெண்டு வருசம் படிச்சனான். ஒரு மனுசிக்குத் தோள்மூட்டில ஊசி குத்தின இடம் கண்டி நீலமாப்போய் ஒரு மாதம் நொந்தது. என்ர பிழைதான். உங்கட கழுத்து முழுக்க மாறும் எண்டு நான் சொல்லமாட்டன். எங்க நோகுதெண்டு நீங்கள்தான் காட்டவேணும்."

மீனம்மா உட்கார்ந்தாள். ஊசி இறங்கியபோது அவளுக்குக் கண்ணீர் வந்தது.

"நோகுதோ?"

"இல்லங்க. அந்த ஆளு என்னை 'இவ'ன்னான். நாலு வார்த்தை கேக்காம வந்துட்டேனேன்னு வயிறு எரியுது."

"ஆறுதலா எரியட்டும். கழுத்தை மட்டும் அசைக்காதேங்கோ."

ஏழு தடவை போனாள். கழுத்து பாதி திரும்பியது. மீதி திரும்பவேயில்லை. அறுவடைக்குப் பிறகு ஒரு நாள் மாயாண்டி முழங்காலைத் தடவியபடி, "அந்தம்மா கால் வலிக்கும் பாப்பாங்களா?" என்று தயங்கிக் கேட்டான்.

மீனம்மா நெல்லைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"போய் நாலு கேள்வி கேளுங்க. உங்க கால், நீங்களே முடிவு பண்ணுங்க."