ஏழாவது சுவிட்சு

அன்று வீட்டில் இருந்தவர்கள்: கிளிஃபர்ட், அவன் மனைவி அவ்ரில், மாடியில் அவளுடைய தம்பி நாரிஸ், மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு எலக்ட்ரீஷியன் ஜனீன், தோட்டத்துக் கொட்டகையில், பழைய ஃபிரிட்ஜுக்குள், ஆறு பைண்ட் (மூன்று லிட்டருக்கு மேல்) தூண்டில் புழு.

கடைசி விஷயம் கிளிஃபர்டுக்கு மட்டுமே தெரியும்.

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் தூண்டில் போடுகிறவன் எவனும் புழுவைக் குளிரில்தான் வைப்பான். வெயிலில் விட்டால் நெளிவதை நிறுத்திவிட்டுக் கூட்டுப்புழுவாக மாறத் தொடங்கும், தூண்டிலுக்கு உதவாது. போன கோடையில் கிளிஃபர்ட் சமையலறை ஃபிரிட்ஜில் வைத்தான். டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை. தன் அக்காவின் பிறந்தநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது கேக் நகர்ந்தது என்று அவ்ரில் இன்றும் சொல்கிறாள். இனி இந்த வீட்டு எல்லைக்குள் ஒரு புழுகூட வராது என்று அவன் அன்றே சத்தியம் செய்துவிட்டான். ஆனால் நாளை கால்வாயில் தூண்டில் சங்கத்தின் கோப்பைப் போட்டி. பதினான்கு வருடமாக இரண்டாம் இடம் வாங்கியே அலுத்துப்போனவன். இருக்கிற புழு கெட்டால் வேறு வாங்கவும் வழியில்லை, தூண்டில் கடையில் காலையிலேயே தீர்ந்துவிட்டது.

ஜனீனைக் கூப்பிட வேண்டி வந்தது நாரிஸால். போன வாரம் அந்த அலமாரிக்குள் இருக்கும் மின்பெட்டியில் ‘சமையலறை’ என்று எழுதியிருந்த சுவிட்சை அணைத்துவிட்டு அவன் சமையலறை விளக்கைக் கழற்றப் போனான். அணைந்தது ஹாலில் இருந்த டிவி. மின்சாரம் அவனை ஏணியிலிருந்து உருளைக்கிழங்குக் கூடைக்கு அனுப்பியது.

பெட்டிக்குள் இருந்ததெல்லாம் இருபது வருடத்துக்கு முன் கிளிஃபர்ட் பென்சிலால் எழுதியது. பாதி இடத்தில் அறையின் பெயருக்குப் பதில் ஆளின் பெயர். பிறகு ஆட்கள் அறை மாறினார்கள், கல்யாணம் ஆகிப் போனார்கள். ஒன்றின் கீழ் ‘நாய்’ என்று இருந்தது. நாய் செத்து ஒன்பது வருடம். ஜனீன் அதை அணைத்ததும் குளியலறை இருட்டில் நாரிஸ் கெட்ட வார்த்தை சொன்னான்.

இப்படியே ஒவ்வொன்றாக. அவள் அணைப்பாள், எது போனது என்று நாரிஸ் கத்துவான், அவள் கைமெஷினில் சரியான பெயரைத் தட்டி அச்சிட்டு ஒட்டுவாள்.

ஏழாவதின் கீழ் ஒன்றும் எழுதவில்லை. அணைத்தாள். மாடியில் எதுவும் போகவில்லை என்றான் நாரிஸ். கீழேயும் எல்லாம் எரிகிறது என்றாள் அவ்ரில். அது காலி, எதற்கும் போகாது, முந்தின வீட்டுக்காரன் போட்டது என்றான் கிளிஃபர்ட். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டான்.

"காலின்னா கழட்டிடறேன்," என்று ஜனீன் திருப்புளியை எடுத்தாள்.

"இருக்கட்டுமே. காலின்னு ஒட்டிட்டு விட்டுடுங்க."

"அப்படி ஒட்டினா, அடுத்து வர்றவன் நம்பிக் கையை வெப்பான். உங்க மச்சானாவது கூடையில விழுந்தாரு. அவன் எங்க விழுவானோ."

பொய்யை ஒட்டி அதன் கீழ் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு முதல் திருகாணியில் கை வைத்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"கொட்டகை," என்றான் கிளிஃபர்ட். "அங்க ஒரு ஃபிரிட்ஜ் இருக்கு. பீருக்கு."

அவ்ரில் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "முப்பது வருஷமா ஜில்லுன்னு ஒரு பீரு நீ குடிச்சு நான் பாத்ததில்ல." ஜன்னல் வழியே கொட்டகைப் பக்கம் பார்த்தாள். "எவ்வளவு இருக்கு?"

"ஆறு பைண்ட்."

என்ன அச்சிடட்டும் என்று ஜனீன் கேட்டாள்.

"உள்ளதை உள்ளபடி அடி கண்ணு. எழுத்து பெருசா இருக்கட்டும்," என்றாள் அவ்ரில்.

மெஷின் முனகித் துப்பியது: கொட்டகை – புழு. ஜனீன் அதைக் கோணாமல் ஒட்டி, சுவிட்சைப் போட்டு, கையெழுத்திட்டுவிட்டுப் போனாள்.

கிளிஃபர்ட் கொட்டகைக்கு ஓடினான். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. புழுக்கள் வெள்ளையாக, கொழுகொழுவென்று, சௌக்கியமாக நெளிந்தன.

திரும்பிப் பார்த்தபோது அவ்ரில் கொட்டகை வாசலில் அவனுடைய தலையணையையும், தூண்டில் பையையும், காகிதத்தில் சுற்றிய நாலு சாண்ட்விச்சையும் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கோப்பையோட வா. அப்புறம் பேசிக்கலாம்."

புல்லைக் கடந்து நிதானமாக நடந்து சமையலறைக்குள் போனாள். கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.